அழிக்கவா என்று போன் கேட்டது

அன்று கடையில் இருந்தவர்கள் இவர்கள்.

நான். சிம்மக்கல்லில் இருபத்திரண்டு வருடம் போன் பழுது பார்த்தவன். எட்டாவது வரை படிப்பு.

சிக்கந்தர் பாய். ஒரே கடையில் பாதி எனக்கு, பாதி அவருக்கு. நான் போன் செட்டைப் பிரிப்பேன். அவர் கவர், கண்ணாடி, சார்ஜர் விற்பார்.

பாண்டி. அவனியாபுரத்துக்காரர். வயது இருபத்தாறு. பிறவியிலேயே கண் தெரியாது. அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

முத்துமாரி. பாண்டியின் அக்கா. தையல் கம்பெனியில் வேலை.

ஜீனத். எங்கள் கடைக்கு மேலே மாடியில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவர். அவர் கடைக்கு வரவில்லை. நாங்கள்தான் அவரிடம் போனோம். ஆனால் அவரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சென்ற வருடம் கை நடுங்க ஆரம்பித்தது. கடையை பாயிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எதாவது எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் தொழில் சங்கத்தில் கேட்டார்கள். டிஸ்ப்ளே ஒட்டுவது, போர்டில் பற்றவைப்பது எல்லாம் கைக்குத் தானாக வரும். அதை நான் எழுதவில்லை. மெமரி கார்டைப் பற்றி எழுதுகிறேன். அதை இப்போது யாரும் மதிப்பதில்லை.

ஒரு புதன்கிழமை, காலை பத்தரை மணி. பாண்டியும் அக்காவும் வந்தார்கள். போனை ஒரு கேரி பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறும்போது பாண்டியின் சட்டைப்பையிலிருந்து விழுந்திருக்கிறது. பின்சக்கரம் ஏறிவிட்டது.

"அண்ணே, எப்பிடியாச்சும் இத எழுப்பிக் குடுங்க," என்றார் முத்துமாரி.

பையைக் கவிழ்த்தேன். கண்ணாடி தூளாகக் கொட்டியது. போர்டு இரண்டாக உடைந்திருந்தது.

"போன் போச்சும்மா."

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாண்டி நின்றுகொண்டே இருந்தார்.

"போன் போகட்டும்ணே. உள்ள கார்டு இருக்கும். அது?"

கார்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பாடம் என்றார். தேர்வுக்கான புத்தகங்களை முத்துமாரி வேலை விட்டு வந்து சத்தமாக வாசிப்பார். போன் அதைப் பதிவு செய்யும். பாண்டி திரும்பத் திரும்பக் கேட்டு மனதில் ஏற்றுவார். மூன்று வருடமாக இப்படி. மொத்தம் முந்நூற்று நாற்பது பாடம். தேர்வு வருகிற ஞாயிற்றுக்கிழமை.

"மூணு வருசமா வாசிச்சத நாலு நாள்ல எப்பிடிண்ணே வாசிப்பேன்," என்றார் முத்துமாரி. "அவனுக்கு இந்தக் கடைசி நாலு நாளுதான் முக்கியம். எல்லாத்தையும் ஒருக்கா ஓட்டிக் கேக்கணும்னு லீவு போட்டு உக்காந்திருக்கோம்."

சிக்கந்தர் பாய் கேட்டார். "ஏன் தம்பி, இம்புட்டு முக்கியமானத நெட்டுல ஏத்தி வைக்கலயா?"

"பாய், எனக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அதுல நான் பாடம் ஏத்துவேனா, எங்கக்கா சீரியல் பாக்குமா?"

"டேய்," என்றார் அக்கா. அந்த நேரத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

சிம் தட்டு வளைந்து மாட்டிக்கொண்டிருந்தது. நெம்பி எடுத்தேன். கார்டு வந்தது. ஒரு மூலையில் சின்னதாக நசுங்கல். மற்றபடி முழுசாக இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். போனோடு வரும் மெமரி போர்டில் ஒட்டியிருக்கும். போர்டு செத்தால் அதுவும் சேர்ந்து போகும். கார்டு அப்படி இல்லை. தனியாகக் கழன்று வரும். பாண்டியின் போன் மலிவான செட்டு. உள்ளே இடம் போதவில்லை என்றுதான் பாடங்களை கார்டில் போட்டிருக்கிறார். விலை கூடிய போனாக, கார்டு போட வழியில்லாத போனாக இருந்திருந்தால், போச்சு என்று இரண்டாவது தடவையும் சொல்லி அனுப்பியிருப்பேன்.

கடையில் மாற்று போன் ஒன்று உண்டு. அதில் கார்டைப் போடப் போனேன்.

"அண்ணே, ஒரு நிமிசம்," என்றார் பாண்டி. "மொதல்ல அந்தப் போன்ல பேசுற வசதிய ஆன் பண்ணுங்க."

"வேல முடியட்டும் தம்பி. அப்பறம் பண்ணித் தாரேன்."

"எனக்கு என்ன நடக்குதுன்னு தெரியணும்ல?"

எனக்கு எரிச்சல். அந்த வசதி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண் தெரியாதவர்களுக்காக எல்லாப் போனிலும் அது இருக்கிறது. திரையில் விரல் வைத்தால் அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதைப் போன் வாசிக்கும். ஒரு தடவை தொட்டால் வாசிக்கும், அவ்வளவுதான். வேலை நடக்க வேண்டுமென்றால் மறுபடி இரண்டு தடவை தட்ட வேண்டும். கைப்பழக்கத்தில் வேலை பார்ப்பவனுக்கு அது பெரிய தொல்லை.

பாய் என் கையிலிருந்து போனை வாங்கி அதை ஆன் பண்ணிக் கொடுத்துவிட்டார். "கஸ்டமர் கேக்குறாருல்ல மாப்ள. செஞ்சா என்ன?"

கார்டைப் போட்டேன். திரையில் இங்கிலீஷில் ஏதோ வந்தது. போன் அதைக் கடகடவென்று வாசித்தது. எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. வலது பக்கக் கீழ் மூலையில் விரல் வைத்தேன். வாசித்தது. இரண்டு தட்டு தட்டினேன். அடுத்த திரை. மறுபடி வலது கீழ் மூலை. வாசித்தது. இரண்டு தட்டு. இன்னொரு திரை. விரல் வைத்தேன்.

"அண்ணே, கைய எடுங்க!"

பாண்டி போட்ட சத்தத்தில் பாய் கையிலிருந்த கவர் கீழே விழுந்தது.

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"என்ன கேட்டுச்சு தெரியுமா? கார்டுல இருக்கதெல்லாம் அழிஞ்சிரும், பண்ணவான்னு கேட்டுச்சு. நீங்க ஆமான்னு தட்டப் போனீங்க."

முத்துமாரி எழுந்து வந்து திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, எழுதியிருக்கே. நீங்க படிக்கலயா?"

நான் எப்படி வேலை பார்த்தேன் என்று இங்கே சொல்ல வேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஒரு வரியை வாசிக்க ஒரு நிமிடம் ஆகும். கஸ்டமர் எதிரே நிற்கும்போது அப்படி வாசித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் எந்தத் திரையில் எந்த மூலையில் தொட வேண்டும் என்று மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். பெரும்பாலும் வலது பக்கக் கீழ் மூலை. 'சரி', 'அடுத்து', 'முடிந்தது' எல்லாம் அங்கேதான் இருக்கும். இருபது வருடம் அப்படித்தான் ஓட்டினேன். நம் தொழிலில் பாதிப்பேர் அப்படித்தான். எனக்குத் தெரியும். யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதற்கு இரண்டு வருடம் முன்பு ஒத்தக்கடையிலிருந்து ஒருவர் வந்தார். போட்ட கார்டைப் போன் காட்டவில்லை என்றார். அந்தச் செட்டில் வலது பக்கக் கீழ் மூலையில் இருந்தது அழிப்பதற்கான பொத்தான். தொட்டேன். அழிந்தது. அவர் மகள் முதன்முதலாக நடந்த வீடியோ அதில் இருந்தது. அவர் திட்டவில்லை. கார்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அந்த வீடியோ அழிந்த அன்று மாடியிலிருந்து ஜீனத் இறங்கி வந்து கேட்டார். "கார்டு படுத்துக்கிச்சுன்னா நேரா எங்கிட்ட கொண்டாந்திருக்கலாம்லண்ணே. நீங்க ஏன் கை வச்சீங்க?" கல்யாணப் படம் எடுக்கிறவர் அவர். கார்டு கெட்டால் உள்ளே இருப்பதை மீட்கத் தெரிந்தவர். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்குக் கோபம். அதற்குப் பிறகு நான் அந்த மாடிப்படி ஏறவில்லை.

முத்துமாரி கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். "எட்டாவதுதாம்மா படிச்சது. இங்கிலீஷ் அவசரத்துக்கு வராது."

பாண்டி முகத்தில் இறுக்கம் குறைந்தது. "அட. பாக்க முடியாதவன் ஒருத்தன். படிக்க முடியாதவரு ஒருத்தரு. நல்லாத்தாண்ணே சேந்துருக்கோம்."

பாய் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கார்டை வெளியே எடுத்தேன். முனையைத் துடைத்து வேறொரு போனில் போட்டுப் பார்க்கலாம் என்று கை போனது. பாண்டி கேட்டார்.

"அடுத்த போன்ல போட்டா வந்துருமாண்ணே? நல்லாத் தெரியுமா?"

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கஸ்டமர் முன்னால் தெரியாது என்று சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பார்க்கலாம் என்போம், வச்சிட்டுப் போங்க என்போம், சாயந்தரம் வாங்க என்போம். அன்றுவரை அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை.

"தெரியாது தம்பி," என்றேன். "தெரிஞ்ச ஆளு மேல இருக்கு. வாங்க போவோம்."

பாய் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீயா மாப்ள மாடி ஏறப் போற?"

"கடையப் பாத்துக்கங்க."

ஜீனத் கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தார். நான் வாசலில் நிற்பதைப் பார்த்து மவுசை விட்டார். கார்டை ஒரு தாளில் வைத்து நீட்டினேன். நடந்ததை நான்கு வரியில் சொன்னேன்.

"இந்தத் தடவ அழிக்கலயே?"

"இல்ல."

"யாரு தடுத்தா?"

பாண்டி கையைத் தூக்கினார். "நாந்தாங்க்கா. போன் சொல்லுச்சு, நான் கேட்டேன்."

ஜீனத் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

"இனி இந்தக் கார்டு எந்தப் போனுக்குள்ளயும் போகக் கூடாது," என்றார். "போன் தானா எதாச்சும் எழுதிவச்சிரும். மொத உள்ள இருக்கத அப்பிடியே கம்ப்யூட்டர்ல ஒரு நகல் எடுத்துக்குறேன். தேடுறதெல்லாம் அந்த நகல்லதான். இன்ஷா அல்லாஹ், வரும்."

நாங்கள் காத்திருந்தோம். முத்துமாரி ஜன்னல் ஓரம் நின்றார். பாண்டி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். அவ்வப்போது, "எம்புட்டு ஆச்சுக்கா?" என்பார். ஜீனத் எண்ணைச் சொல்வார். பன்னிரண்டு. நாற்பது. நூற்றுப் பத்து. நடுவில் நீண்ட நேரம் எண் ஏறவில்லை. பாண்டி கேட்பதை நிறுத்திவிட்டார். நான் எதையாவது செய்ய வேண்டும்போல இருந்தது. செய்ய ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மதியம் மூன்று மணிக்கு ஜீனத் திரும்பினார்.

"முந்நூத்தி இருபத்தொம்போது வந்துருச்சு. ஆனா பேரு எல்லாம் போச்சு. எது எந்தப் பாடம்னு தெரியாது. எல்லாம் வெறும் நம்பர்."

முத்துமாரிக்கு முகம் விழுந்தது. முந்நூறுக்கு மேல் பாடம், முன்னும் பின்னுமாகக் கலந்து கிடக்கிறது. அதைப் பிரித்து அடுக்கவே நான்கு நாள் போய்விடும்.

"ஒண்ணு போடுங்கக்கா," என்றார் பாண்டி.

ஜீனத் ஒன்றைப் போட்டார். முத்துமாரியின் குரல் வருவதற்கு முன்பே குக்கர் விசில் கேட்டது.

"நிறுத்துங்க. பொருளாதாரம் மூணாவது பாடம். அன்னைக்கி ஞாயித்துக்கெழம, கறி வெந்துச்சு. அடுத்தது."

அடுத்ததில் ஒரு தும்மல்.

"வரலாறு ஒம்போது. அக்காவுக்குச் சளி."

அடுத்ததில் சத்தமே இல்லை. பிறகு ஒரு கொட்டாவி.

"அரசியலமைப்பு. பதினஞ்சாவது. அதுல பாதியில தூங்கிருச்சு. நாந்தான் எழுப்புனேன்."

"டேய், போதும்டா," என்றார் முத்துமாரி. அழுதுகொண்டே சொன்னார்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடிகூட ஆகவில்லை. பாண்டி சொல்லச் சொல்ல ஜீனத் பெயர் போட்டார். வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட்டது. புதிய கார்டு ஒன்றில் ஏற்றி, கடையின் மாற்று போனில் போட்டுப் பாண்டியிடம் கொடுத்தோம். கம்ப்யூட்டரில் ஒரு நகல் வைத்தார்கள். முத்துமாரி போனில் இன்னொரு கார்டு போட்டு அதிலும் ஒரு நகல்.

வராதது பதினொன்று. எவையெவை என்று பாண்டி விரல்விட்டுச் சொன்னார்.

மறுநாள் காலை அக்காவும் தம்பியும் புத்தகங்களோடு வந்தார்கள். ஸ்டுடியோவில் கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் கேட்காது. முத்துமாரி ஆறு பாடம் வாசித்தார். தொண்டை கட்டிக்கொண்டது. ஜீனத் மூன்று வாசித்தார். சிக்கந்தர் பாய் கடையை அரை மணி நேரம் சாத்திவிட்டு வந்து ஆறுகளைப் பற்றிய பாடத்தை வாசித்தார். வைகை வந்ததும் புத்தகத்தை இறக்கிவிட்டு, "இதுல தண்ணி ஓடுதுன்னு போட்டுருக்கான். எப்ப வந்து பாத்தானோ," என்றார். அதுவும் பதிவாகிவிட்டது.

"அதையும் அழிக்காதீங்க," என்றார் பாண்டி. "பரீட்சையில ஞாபகத்துக்கு வரும்."

மீதி ஒன்று. கூட்டுறவுச் சங்கங்கள்.

"அண்ணே வாசிக்கட்டும்," என்றார் பாண்டி.

"எனக்கு வேகமா வராது தம்பி."

"தமிழ்தான்ணே. மெதுவா வாசிங்க. தப்பா வாசிச்சா நான் திருத்திக்கிருவேன்."

நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவ்வளவு நீளமாக எதையும் வாசித்ததில்லை. ஒழுங்குமுறை என்ற வார்த்தையில் மூன்று தடவை தடுக்கினேன். அக்கா பதினைந்து நிமிடத்தில் முடிக்கிற பாடம் எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. வேர்த்துவிட்டது. நடுவில் யாரும் சிரிக்கவில்லை. பாய்கூட.

அதற்குப் பிறகு நான் கடையில் சில விஷயங்களை மாற்றிக்கொண்டேன். செட்டு எந்த வேலைக்கு வந்தாலும் முதலில் சிம்மையும் கார்டையும் கழற்றி ஆளின் கையில் கொடுத்துவிடுவேன். கார்டு படிக்கவில்லை என்று வந்தால் கை வைக்க மாட்டேன், மாடிக்கு அனுப்புவேன். கார்டைப் போனின் சொந்த இடத்தோடு சேர்த்துக்கொள்ளவா என்று சில செட்டு கேட்கும். இடம் கூடும் என்று ஆசைப்பட்டு ஆமாம் போடாதீர்கள். போட்டால் அந்தக் கார்டு அந்தப் போனோடு மட்டும்தான் பேசும். போன் செத்தால் கார்டும் செத்த மாதிரி.

புதுப் போன் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம், கேமரா எத்தனை என்று பார்ப்பதற்கு முன்னால் கார்டு போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள் என்பேன். இன்னும் அப்படிப்பட்ட செட்டு வந்துகொண்டுதான் இருக்கிறது. கார்டும் ஒருநாள் கெடும். அதனால் இன்னொரு கார்டில் ஒரு நகல் போட்டு வீட்டில் வைக்கச் சொல்வேன். வேண்டாதவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். போகட்டும்.

இன்னொன்று. புரியாத திரை வந்தால் பேசும் வசதியைத் தமிழில் ஆன் பண்ணி, போனையே வாசிக்க விட்டேன். அதுவும் புரியாவிட்டால் எதிரே நிற்கும் கஸ்டமரிடம் திருப்பிக் காட்டி, "இது என்ன கேக்குது?" என்று கேட்டேன். இதனால் ஒருவரும் அடுத்த கடைக்குப் போகவில்லை. இருபது வருடம் எதற்குப் பயந்தேன் என்று தெரியவில்லை. நீங்கள் படித்தவர்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் கை அவசரத்தில் வாசிக்காமல் தொடுகிறவர்களை நான் உங்களிலும் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாண்டி அந்தத் தேர்விலேயே தேறினார். இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். முத்துமாரி அதே தையல் கம்பெனியில் சூப்பர்வைசர்.

தேர்வுக்கான விடைகள் வெளியான அன்று பாண்டி டவுன் பஸ் பிடித்துத் தனியாகக் கடைக்கு வந்தார். கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"அண்ணே, உங்க பாடத்த ரெண்டு மடங்கு வேகத்துல வச்சுக் கேட்டேன். அப்பவும் நீங்க நடந்துதான் வந்தீங்க."

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல."

"எட்டுத் தடவ கேட்டேன். அந்த ஒழுங்குமுறை இருக்குல்ல, அத ஒவ்வொரு தடவையும் உங்களோட சேந்து நானும் தடுக்குவேன்."

பாய் டீ சொன்னார். பாண்டி டீயைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்.

"உங்க பாடத்துல இருந்து கேள்வி வந்துச்சுண்ணே."

"எத்தன?"

"மூணு."

எனக்குக் கேட்கத் தயக்கமாக இருந்தது. பாய்தான் கேட்டார், எத்தனை சரி என்று.

மூன்று.